ஆதிமனிதன் பச்சையாகவா சாப்பிட்டான்? ஏற்காட்டுக் கல்லறையில் இருந்து ஒரு நீண்ட இழை

1/
போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "டாக்டர் சார், ஆறு மாசமா பேலியோ. 11 கிலோ குறைஞ்சிருக்கேன். அடுத்து ரா பேலியோ போகலாம்னு இருக்கேன். பச்சை முட்டை, காய்ச்சாத பால், பச்சை ஈரல். ஆதிமனிதன் என்ன குக்கரா வெச்சிருந்தான்? அடுத்த மாசம் ஏற்காடு ட்ரிப். அங்கேயே ஆரம்பிச்சிடலாமா?"

2/
வேண்டாம் தம்பி. இந்த ஒரு வார்த்தையோட முடிச்சா நீங்க கேட்க மாட்டீங்க, தெரியும். ஆனா ஏற்காடுன்னு சொன்னீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. இந்தியாவில் "ஆதிமனிதன்" பற்றிப் பேச ஆரம்பித்து வைத்த மனிதரின் கல்லறையே அங்கேதான் இருக்கு. அவரிடம் இருந்தே தொடங்குவோம். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உட்காருங்க.

3/
பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1834ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். கனிமம், பாறை தேடுவதுதான் வேலை. 1863 மே 30, சென்னை பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் ஒரு கல்லை எடுத்தார். இரண்டு பக்கமும் செதுக்கிய கல். மனிதன் கைபட்ட கல். கைக்கோடாரி.

4/
அதே வருஷம் செப்டம்பரில், சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் இவ்வளவு பழைய மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் கையில் பிடிக்கிற மாதிரி ஆதாரம் கிடைத்தது அப்போதுதான்.

5/
ஒரு வேடிக்கை சொல்றேன். அப்போது "பேலியோ" என்ற சொல்லே கிடையாது! பேலியோலித்திக், அதாவது பழைய கற்காலம் என்ற சொல்லை ஜான் லுபாக் என்ற ஆங்கிலேயர் தன் புத்தகத்தில் பயன்படுத்தியது 1865ல். கிரேக்கத்தில் 'பலையோஸ்' பழையது, 'லித்தோஸ்' கல். சொல் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே நம்ம பல்லாவரத்தில் பொருள் கிடைத்துவிட்டது.

6/
ஃபுட் 1891ல் ஓய்வு பெற்றார். பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் வேலை பார்த்தார். வீடு அமைத்துக்கொண்டது ஏற்காட்டில். அவர் மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், ஆறுமுக நாவலரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், அவரும் 1882ல் ஏற்காட்டில்தான் காலமானார். ஃபுட் இறந்தது 1912ல் கல்கத்தாவில். கல்லறை மட்டும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில்.

7/
சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபுட் எடுத்த கல்லை வைத்து "இவன் என்ன சாப்பிட்டான்" என்று சொல்ல முடியுமா? ரொம்பக் கஷ்டம். கல் அழியாது. எலும்பு சில இடங்களில் தப்பும். கிழங்கு, கீரை, பழம், தேன் எல்லாம் மக்கிப் போய்விடும். மிச்சம் இருப்பது கல்லும் எலும்பும் மட்டும். அதனால் நம்ம மனசில் ஆதிமனிதன் என்றால் கையில் ஒரு கோடாரி, வாயில் ஒரு தொடைக்கறி.

8/
அதிரம்பாக்கத்தை இந்த நூற்றாண்டில் மறுபடி தோண்டியவர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும். 2011ல் வந்த அவர்கள் ஆய்வுப்படி அங்கே உள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷப் பழசு. 2018ல் வந்த ஆய்வில், அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதாவது "கற்காலம்" என்பது ஒரு சாப்பாட்டு மெனு இல்லை. லட்சக்கணக்கான வருஷம், பல வகை மனித இனம், பல வகை நிலம்.

9/
இப்ப தம்பியின் கேள்வி: அடுப்பா வெச்சிருந்தான்?

ஆமா, வெச்சிருந்தான். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முந்தைய நெருப்பின் தடயம் இருக்கு. இஸ்ரேலில் ஒரு ஏரிக்கரையில் 7,80,000 வருஷத்துக்கு முன்பு மீனை மிதமான சூட்டில் சமைத்ததற்கு மீன் பற்களிலேயே ஆதாரம் எடுத்தார்கள் (2022).

10/
தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில், 1,70,000 வருஷத்துக்கு முந்தைய அடுப்புச் சாம்பலில் கருகிய கிழங்குகள் கிடைத்தன. சுடப் போட்டு, எடுக்க மறந்த கிழங்கு. நியாண்டர்தால் மனிதனின் பற்காரையைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது (2011) உள்ளே மாவுச்சத்துத் துகள். அதில் சில, வெந்த மாவுச்சத்து. பல் தேய்க்காத புண்ணியவான், நமக்கு ஆதாரத்தை விட்டுட்டுப் போயிருக்கார்.

11/
நம்ம பக்கத்திலேயும் இருக்கு. ஃபுட்டும் அவர் மகனும் 1880களில் ஆந்திரத்தின் கர்நூல் குகைகளைத் தோண்டி ஏராளமான விலங்கெலும்பு எடுத்தார்கள். பின்னாளில் அதே கர்நூல் பகுதியில் முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையில் பழைய கற்காலக் கடைசிக் கட்டத்து அடுப்பு ஒன்று கிடைத்தது. வயசு சுமார் 17,000 வருஷம்.

12/
நம் உடம்பும் இதைத்தான் சொல்லுது. சிம்பன்சியை விட நம்ம தாடை சின்னது, பல் சின்னது, பெருங்குடல் சின்னது. நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கிற உடம்பு இல்லை இது. எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் ஜீன் சிம்பன்சிக்கு இரண்டு பிரதி. மனிதர்களுக்குப் பொதுவாக அதைவிடக் கூட, ஆளுக்கு ஆள் மாறும்.

13/
"எஸ்கிமோ பச்சைக்கறி சாப்பிடறாங்களே டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆர்க்டிக்கின் இன்யூட் மக்கள் மீன், கடல் விலங்குக் கறியில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் உறைந்த நிலையிலும் சாப்பிடுவார்கள். விறகு அரிதான பனிநிலம். காய்கறி இல்லாத இடத்தில் வைட்டமின் சி கிடைத்ததும் அதில்தான். ஆனால் அவர்களிடையே வால்ரஸ் கறியால் டிரிகினெல்லா புழு நோய் வந்ததும் மருத்துவப் பதிவில் இருக்கு. அந்த நிலத்துக்கு அந்த ஏற்பாடு. சேலம் வெயிலுக்கு அது பொருந்தாது.

14/
அந்த மக்களோடு வாழ்ந்த ஸ்டெஃபான்சன் என்ற பயணி, 1928ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனை மேற்பார்வையில், நண்பர் ஒருவரோடு ஒரு வருஷம் கறி மட்டுமே சாப்பிட்டுக் காட்டினார். இன்றைக்கும் பேலியோ, கார்னிவோர் ஆட்கள் இதை மேற்கோள் காட்டுவார்கள். அவர்கள் சொல்ல மறப்பது: அதில் பெரும்பாலும் சமைத்த கறி. கொழுப்பில்லாத வெறும் கறி கொடுத்த சில நாளிலேயே அவருக்கு வயிறு கெட்டது என்பதும் அதே பதிவில் இருக்கு.

15/
இப்ப ஏற்காட்டுக்கே திரும்புவோம். ஃபுட் சேர்வராயன் மலையிலும் கல் கருவிகள் சேகரித்தார். அவரின் மொத்தத் தொகுப்பையும் 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. இந்த மலையில் பேர் போனவை எவை தெரியுமா? செதுக்கிய பழைய கோடாரி இல்லை. தேய்த்து வழவழப்பாக்கிய கோடாரிகள். அது புதிய கற்காலம். அதாவது விவசாயமும் மாடு வளர்ப்பும் செய்த மக்கள்.

16/
இந்த வழவழப்பான கற்களை மலைவாசிகள் காட்டில் கண்டெடுத்து, சாமி கல்லென்று கோயில்களில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இது வருது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. காட்டைத் திருத்திப் பயிர் வைத்தவன் கருவி, ஆயிரக்கணக்கான வருஷம் கழித்து அதே மலையில் பயிர் வைக்கிறவன் கையில் சாமியாகி இருக்கு.

17/
அந்தக் காலத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள்? மலைக்கு வடக்கே, திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளி. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய புதிய கற்கால ஊர். அங்கே கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தது. கொள்ளைப் பச்சையாகக் கடித்துப் பாருங்க, பல் போயிடும். வேக வைத்தால்தான் கொள்ளு.

18/
இன்றைக்கு சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரள மலையாளி இல்லை, மலையில் வாழ்கிற மலையாளி) காலங்காலமாகச் சாப்பிட்டது சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளு, அவரை, கீரை, காட்டுக் கிழங்கு, தேன், பலா, கிடைக்கும்போது கறி. சாமையை உரலில் குத்தி, உமி நீக்கி, வேக வைக்கணும். அவ்வளவு உழைப்பு அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு.

19/
கிழங்குக்கு வருவோம். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் ரோட்டோரம் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள், பார்த்திருப்பீங்க. ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. மூட்டுவலிக்கு நல்லதுன்னு சொல்லி வாங்குவாங்க. மூட்டுவலி பற்றி இப்ப நான் பேசல. நான் சொல்ல வருவது, அதையும் தோல் சீவி, தட்டி, கொதிக்க வைத்துத்தான் தருகிறார்கள். காட்டோடு வாழ்ந்தவனின் அறிவு அது.

20/
கருணைக்கிழங்கு காறும். அதில் உள்ள ஊசி மாதிரியான ஆக்சலேட் படிகங்கள் நாக்கில் குத்துவதுதான் காறல். அதுக்குத்தான் பாட்டி புளி போட்டு வேக வைத்தார். மலையடிவாரத்தில் சேலம் முழுக்க மரவள்ளி. ஜவ்வரிசியே அதில்தான். மரவள்ளியில், முக்கியமாகத் தோலிலும் இலையிலும், சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கு. பச்சையாக மேய்ந்த ஆடு மாடு செத்துப்போவதை விவசாயிகள் பார்த்திருப்பாங்க. தோல் நீக்கி, நல்லா வேக வைத்து, தண்ணீரைக் கொட்டினால் அது உணவு.

21/
இன்னொன்று. "ஆதி உணவு"ன்னு எதைக் காட்டுவீங்க? கேழ்வரகு ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது. மரவள்ளி தென்னமெரிக்கா. ஏற்காட்டுக் காபி, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் மலையேறியது. பேலியோ ஆட்களின் செல்லப்பிள்ளை காலிஃபிளவர், பிரிட்டிஷார் கொண்டு வந்தது. பனீரும் வெண்ணெயும் மாடு பழக்கிய பிறகு வந்தவை. கண்டிப்பாப் பார்த்தால் அவை புதிய கற்காலம்!

22/
நான் பேலியோவுக்கு எதிரி இல்லை. 1985ல் ஈட்டன், கானர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு மருத்துவ இதழில் இதைக் கேள்வியாக எழுப்பினார்கள். 2002ல் லோரன் கார்டெய்ன் புத்தகமாக்கினார். தமிழில் நியாண்டர் செல்வனும் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவும் வீடு வீடாகக் கொண்டு போனார்கள். மாவுச்சத்தைக் குறைத்ததால் எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் நிறைய. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கும்போது அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இங்கே அது பரவியது சமைத்த உணவாக. 'ரா' என்பது பிறகு ஒட்டிக்கொண்டது.

23/
இனி தம்பியின் லிஸ்ட். ஒவ்வொன்றாக.

பச்சை முட்டை: வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்பில் செய்வது. ஆனால் வெந்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேரும். பச்சை முட்டையில் சுமார் 50தான். பாதி வீண். தினமும் நிறையப் பச்சை வெள்ளைக்கரு குடித்தால் அதில் உள்ள அவிடின், பயோட்டின் வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே சால்மொனெல்லா ஆபத்து. வேக வைத்துக் கொடுங்க, உளுத்தங்களியும் கொடுங்க.

24/
காய்ச்சாத பால்: புது வீட்டுக்குப் போனதும் நாம முதலில் செய்வது பால் காய்ச்சுவது! காய்ச்சாத பாலில் புரூசெல்லா வரலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, முதுகுவலி. மாட்டுக் காசநோயும் அப்படி வரலாம். "எங்க மாடு, எங்க தொழுவம்" என்றாலும் காய்ச்சுங்க. புரூசெல்லா இருக்கும் மாடு பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

25/
பச்சைக்கறி, ஈரல்: கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர். ஆட்டுக்கறியில் டாக்ஸோபிளாஸ்மா, கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. ஃப்ரீஸரில் வைத்தால் சில புழுக்கள் சாகும், பாக்டீரியா சாகாது, தூங்கும். ரத்தசோகைக்கு சுவரொட்டி, ஈரல் சாப்பிடுங்க. நல்லா வெந்ததாகச் சாப்பிடுங்க. இரும்புச்சத்து சூட்டில் ஓடிப்போகாது. கறியின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியஸ் தொடணும்.

26/
பன்றிக்கறி தனியாகச் சொல்லணும். வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும். அந்த ஆளின் மலத்தில் முட்டைகள் போகும். அது மண், தண்ணீர், பச்சைக் காய்கறி, கழுவாத கை வழியாக இன்னொருவர் வயிற்றுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டி. அதன் விளைவு வலிப்பு. வேலூர் மாவட்டத்தில் சிஎம்சி மருத்துவர்கள் செய்த ஆய்வில், தொடர் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதுதான் காரணம்.

27/
கவனிங்க. வலிப்பு வருவது பன்றிக்கறியே தொடாதவருக்காகவும் இருக்கலாம். நீங்க பச்சையாகச் சாப்பிடுவது உங்க சொந்த ரிஸ்க் மட்டும் இல்லை. உங்க வீட்டில் சமைக்கிற கை, சாப்பிடுகிற குழந்தை எல்லாருக்கும் பங்கு உண்டு. என் பயமே இதுதான்.

28/
பச்சைக் காய், ஜூஸ்: வெள்ளரி, கேரட், தேங்காய், கொய்யா தாராளமாக, நல்லாக் கழுவி. சுரைக்காய் ஜூஸ் கசந்தால் ஒரு வாய் கூட விழுங்காமல் துப்பிடுங்க. கசக்கும் சுரைக்காயால் உயிரிழப்பு நடந்து, ஐசிஎம்ஆர் குழு எச்சரிக்கையே கொடுத்திருக்கு.

29/
முழுக்கப் பச்சையாகவே சாப்பிட்டால் என்ன ஆகும்? ஜெர்மனியில் பச்சை உணவுக்காரர்கள் 500 பேருக்கு மேல் வைத்து 1999ல் வந்த ஆய்வு. எடை நல்லாவே குறைந்தது. ஆனால் 45 வயசுக்குக் கீழ் உள்ள பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியது அல்லது நின்றே போனது. "பட்டினி" என்று உடம்பு கொடுக்கும் சிக்னல் அது.

30/
சர்க்கரை நோயாளிகளுக்கு. மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தும்போது இன்சுலின், கிளிமிபிரைடு அதே அளவில் போனால் சுகர் அபாயமாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, சுகர் நார்மலாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. டயட் மாற்றுவதற்கு முன்னாடி உங்க டாக்டரைப் பாருங்க, மாற்றிய பிறகு இல்லை. சிறுநீரகப் பிரச்சனை இருந்தால் கட்டாயம்.

31/
தம்பிக்கு என் பதில்: உங்க 11 கிலோவுக்கு வாழ்த்து. அதைச் செய்தது சர்க்கரை, மைதா, நொறுக்குத் தீனியை விட்டது. பச்சையாகச் சாப்பிட்டால் அதில் எதுவும் கூடப் போவதில்லை. முட்டையை வேக வையுங்க, பாலைக் காய்ச்சுங்க, கறியைக் குழம்பு வையுங்க. ஆதிமனிதனை ஃபாலோ பண்ணணும்னா அதுதான் சரியான ஃபாலோ.

32/
ஏற்காடு போனால் ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கம் ஒரு எட்டு போய் ஃபுட் துரையின் கல்லறையைப் பார்த்துட்டு வாங்க. வரும் வழியில் மலையாளி அக்கா யாராவது சாமைச் சோறு போட்டால், கொஞ்சமா, கொள்ளு ரசத்தோடு சாப்பிடுங்க. உங்க டயட் அட்டவணையில் இல்லாவிட்டாலும் ஒரு நாள் பரவாயில்லை, நான் சொன்னதாச் சொல்லுங்க.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. வீட்டில் யாராவது பச்சை முட்டை குடிக்கிறவங்க இருந்தா இதைக் காட்டுங்க.